அறுபத்து நான்கு கட்டங்களில் ஓர் ஆண்டு

நுழையும்முன்

அரசர்களின் அரண்மனை முற்றத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய சதுரங்கம், இன்று நாடுகள் தம் அறிவாற்றலை அளந்து பார்க்கும் களமாக வளர்ந்திருக்கிறது. அவ்வளர்ச்சி வரலாற்றில் 2022ஆம் ஆண்டு தமிழ் மண்ணுக்குத் தனியிடம் தந்தது. உலகச் சதுரங்கம் முழுவதும் இரண்டு வார காலம் ஒரு கடற்கரைச் சிற்றூரில் கூடியிருந்தது. அந்த ஆண்டில் நிகழ்ந்தவற்றையும், வெற்றியோடு தோல்வியும் கற்றுத்தந்த பாடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உலகம் வந்த சாலை

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். வைணவப் பேராசான் இராமானுசர் பிறந்த ஊர் என்பது அதன் பழைய பெருமை. அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளின் வரிசை அதன் புதிய அடையாளம். மகிழுந்துகளும் சரக்குந்துகளும் மின்னணுக் கருவிகளும் இங்கே உருப்பெற்று உலகின் பல துறைமுகங்களுக்குச் செல்கின்றன. ஒரகடத்தைக் கடந்து செல்லும் அதே சாலை சிங்கப்பெருமாள்கோவிலில் பெருவழிச்சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் பல்லவர் கல்லில் கலை வடித்த மாமல்லபுரத்தை அடையலாம்.

2019ஆம் ஆண்டு வரை இவ்வூர்கள் யாவும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. இம்மண்ணின் ஒரு முனையில் கைத்திறன் உலகை ஈர்த்தது. 2022ஆம் ஆண்டில் மறுமுனையில் மதித்திறன் உலகை ஈர்த்தது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இந்தியாவில் இப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை.

நாற்படையிலிருந்து நாற்பத்து நான்காம் ஒலிம்பியாட் வரை

'சதுரங்கம்' என்னும் சொல் நான்கு உறுப்புகளைக் கொண்ட படையைக் குறிக்கும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே ஆட்டக் காய்களாக மாறின. இந்தியாவில் தோன்றிய இவ்விளையாட்டு பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அரசியும் மந்திரியும் நெடுந்தொலைவு பாயும் ஆற்றலைப் பெற்றன. இன்று நாம் ஆடும் ஆட்டம் அவ்வாறு உருவானது. திருவாரூர் மாவட்டம் பூவனூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது பெயர். இறைவன் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்றார் என்னும் தொன்மக் கதை அக்கோயிலோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924ஆம் ஆண்டு பாரிசில் தோன்றியது. 'நாம் அனைவரும் ஓரினமே' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் குறிக்கோளுரை. 1927ஆம் ஆண்டு இலண்டனில் அக்கூட்டமைப்பு முதல் ஒலிம்பியாடை நடத்தியது. அப்போது பங்கேற்றவை 16 அணிகள் மட்டுமே. அங்கேரி அணி முதல் தங்கத்தை வென்றது.

நம் நாட்டில் இக்கலைக்கு நவீன காலத்தில் வித்திட்டவர்களுள் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். 1961ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டர் என்னும் பட்டத்தைப் பெற்றவர் இவரே. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகம் இவருடைய முயற்சியால் உருவானது. அக்கழகத்தில் ஆடி வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். அவர் 1988ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் ஐந்துமுறை உலக வாகையர் பட்டம் வென்றார். ஒருவரில் தொடங்கிய இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணிக்கை 2022ஆம் ஆண்டின் முடிவில் 75ஐக் கடந்திருந்தது.

அவ்வாண்டின் தொடக்கம்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இணையவழியில் நடைபெற்ற விரைவுச் சதுரங்கப் போட்டி ஒன்றில், சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா அன்றைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனை வென்றார். இந்திய நேரப்படி நள்ளிரவு கடந்து நிகழ்ந்த அவ்வெற்றி, விடிந்ததும் நாடெங்கும் பேசப்பட்டது.

அதே மாத இறுதியில் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. அவ்வாண்டு ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்தது. போரின் காரணமாகப் பன்னாட்டுக் கூட்டமைப்பு அந்த வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு நாட்டைத் தேடியது. தமிழ்நாட்டரசின் துணையோடு அனைத்திந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு முன்வந்தது. மார்ச் மாதத்தில் போட்டி சென்னைக்கு வழங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு நடத்தப்படும் விழாவுக்கு ஆயத்தமாக நான்கு மாதங்களே எஞ்சியிருந்தன.

அந்நான்கு மாதங்களில் பூஞ்சேரியில் புதிய அரங்கம் எழுந்தது. வேட்டி சட்டையணிந்து கைகூப்பி வணங்கும் குதிரை, 'தம்பி' என்னும் பெயரோடு போட்டியின் சின்னமாயிற்று. சென்னையின் நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் சதுரங்கப் பலகையாக மாறியது. ஒலிம்பியாட் வரலாற்றில் முதன்முறையாகச் சுடரோட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஜூன் 19ஆம் நாள் தில்லியில் ஏற்றப்பட்ட அச்சுடர் 75 நகரங்களைக் கடந்து வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் சதுரங்க உலகை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று வெளிவந்தது. தம் வாகையர் பட்டத்தைத் தக்கவைக்கும் அடுத்த போட்டியில் தாம் ஆடப்போவதில்லை என்று ஜூலை 20ஆம் நாள் கார்ல்சன் அறிவித்தார். 2013ஆம் ஆண்டு சென்னையில் ஆனந்தை வென்று அவர் சூடிய மணிமுடி அது. தோற்கடிக்கப்படாமலேயே அதனை அவர் இறக்கிவைக்க முன்வந்தார். அடுத்து அதனைச் சூடப்போவது யார் என்னும் வினாவோடு உலகின் இளம் வீரர்கள் மாமல்லபுரம் வந்து சேர்ந்தனர்.

தெரிந்து தெளிவோம்

ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐவர் இடம்பெறுவர். ஒவ்வொரு சுற்றிலும் அவர்களுள் நால்வர் ஆடுவர்; ஒருவர் மாற்று வீரராக இருப்பார். ஒருவர் தம் ஆட்டத்தில் வென்றால் 1 புள்ளியும், சமன் செய்தால் ½ புள்ளியும் பெறுவர். நால்வரின் புள்ளிகளையும் கூட்டினால் எந்த அணி வென்றது என்பது தெரியும். வென்ற அணிக்கு 2 அணிப்புள்ளிகள். சமன் எனில் இரு அணிகளுக்கும் ஒவ்வொரு புள்ளி. தோற்ற அணி வெளியேற்றப்படுவதில்லை. ஏறத்தாழ ஒத்த புள்ளிகள் பெற்ற அணிகள் அடுத்த சுற்றில் மோதும். இதனைச் 'சுவிஸ் முறை' என்பர். மொத்தம் 11 சுற்றுகள். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒருவருக்கு 90 நிமிடங்கள். அதன்பின் 30 நிமிடங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 நொடிகள்.

எழுநூறு பலகைகள்

ஜூலை 28ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்கவிழா நடைபெற்றது. மறுநாள் பூஞ்சேரியில் ஆட்டங்கள் தொடங்கின. பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் பதிவு செய்திருந்தன. அதற்குமுன் எந்த ஒலிம்பியாடிலும் இத்தனை அணிகள் கூடியதில்லை. இரு பிரிவிலும் சேர்த்து 350 அணிகள். இருவிரு அணிகளாக மோதினால் 175 மோதல்கள். ஒவ்வொரு மோதலுக்கும் 4 பலகைகள். ஆக, எல்லா அணிகளும் ஆடும் நாளில் 700 பலகைகளின் முன்னே 1400 பேர் அமர்ந்திருப்பர். அத்தனை பேர் கூடிய அரங்கில் கடிகாரங்களின் ஓசை கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவ வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் சிறப்பு.

பாலஸ்தீன மகளிர் அணியில் ராண்டா செதார் என்னும் 8 வயதுச் சிறுமி ஆடினார். இந்திய மகளிர் முதல் அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கருவுற்ற நிலையிலும் நாட்டுக்காகப் பலகையின் முன் அமர்ந்தார். நாட்டில் போர் நடந்துகொண்டிருக்க, உக்ரைன் நாட்டு மகளிரும் அணியாகத் திரண்டு வந்திருந்தனர். வயதோ உடல்நிலையோ நாட்டின் நிலையோ இந்த ஆட்டத்திற்குத் தடையாவதில்லை என்பதை இம்மூன்று காட்சிகளும் உணர்த்தின.

இளையோர் அணியின் எழுச்சி

போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா கூடுதல் அணிகளைக் களமிறக்க முடிந்தது. பொதுப்பிரிவின் இரண்டாம் அணியில் தொ. குகேஷ், நிஹால் சரின், இர. பிரக்ஞானந்தா, பா. அதிபன், ரௌனக் சாத்வானி ஆகியோர் இடம்பெற்றனர். அதிபன் நீங்கலாக ஏனையோர் அனைவரும் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள். அவர்களை வழிநடத்தியவர் சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ். தரவரிசையில் 11ஆம் இடத்திலிருந்த இவ்வணி, முதலிடத்திலிருந்த அமெரிக்க அணியை எட்டாம் சுற்றில் 3–1 என்னும் கணக்கில் வென்றது. அச்சுற்றில் குகேஷ் வென்றது, உலக வாகையர் பட்டத்திற்கு முன்னரே போட்டியிட்டவரான ஃபேபியானோ கருவானாவை. அதனோடு தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றிகளை அவர் ஈட்டியிருந்தார். அப்போது அவருக்கு வயது 16.

பத்தாம் சுற்றில் இவ்வணி உஸ்பெகிஸ்தானை எதிர்கொண்டது. அவ்வணியும் இளையோரால் ஆனதே. இரண்டு ஆட்டங்கள் சமனில் முடிந்தன. பிரக்ஞானந்தா வென்றார். எஞ்சியது குகேஷுக்கும் நோதிர்பெக் அப்துசத்தாரோவுக்கும் இடையிலான ஆட்டம். அதில் குகேஷின் கை ஓங்கியிருந்தது; வெற்றி வாய்ப்பு தெளிவாகத் தெரிந்தது. சமன் செய்தாலே போதும், அணி 2½–1½ என்று வென்றுவிடும். ஆயினும் மணிக்கணக்கில் நீண்ட ஆட்டத்தில் களைப்பும் நேர நெருக்கடியும் சேர்ந்து அழுத்த, நிலை மெல்லத் தலைகீழாயிற்று. ஒரு பிழை நேர்ந்தது, ஆட்டம் கைநழுவியது. மோதல் 2–2 எனச் சமனில் முடிந்தது.

உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 அணிப்புள்ளிகள் பெற்றன. சமநிலையைத் தீர்க்கும் கணக்கீட்டின்படி உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கமும் ஆர்மீனியாவுக்கு வெள்ளியும் கிடைத்தன. இறுதிச் சுற்றில் ஜெர்மனியை 3–1 என்று வென்ற இந்திய இரண்டாம் அணி 18 புள்ளிகளோடு வெண்கலம் பெற்றது. தரவரிசையில் 14ஆம் இடத்திலிருந்த அணி தங்கம் வென்றதும், உலக வாகையரான கார்ல்சன் ஆடிய நார்வே அணி 59ஆம் இடத்தில் முடிந்ததும், இது தனியொருவரின் புகழுக்கான களமன்று, அணியின் ஒற்றுமைக்கான களம் என்பதைக் காட்டின.

மகளிர் வரலாறு

மகளிர் பிரிவில் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தது இந்திய முதல் அணி. கோனேரு ஹம்பி, ஹரிகா, சென்னையின் இர. வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் அவ்வணியினர். பத்துச் சுற்றுகள் முடிவில் 17 புள்ளிகளோடு அவர்களே முன்னணியில் இருந்தனர். இறுதிச் சுற்றில் வென்றால் தங்கம் உறுதி. ஆனால் அச்சுற்றில் அமெரிக்க அணியிடம் 1–3 எனத் தோற்றனர். உக்ரைன் மகளிர் தங்கம் வென்றனர். ஜார்ஜியா வெள்ளி பெற்றது. இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

கைக்கு எட்டிய தங்கம் நழுவியது என்பது ஒரு பார்வை. ஒலிம்பியாடில் இந்திய மகளிர் அணி வென்ற முதல் பதக்கம் அதுவே என்பது மற்றொரு பார்வை. இரண்டும் உண்மையே. அந்த வெண்கலத்தில் இன்னுமொரு சிறப்பும் உண்டு. வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உடன்பிறந்தோர். அக்காளும் தம்பியும் ஒரே ஒலிம்பியாடில் இருவேறு பிரிவுகளில் பதக்கம் பெற்றுத் திரும்பினர்.

முதல் பலகையில் 11 ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்ற குகேஷும், இரண்டாம் பலகையில் சிறந்து விளங்கிய நிஹால் சரினும் தனிநபர் தங்கப் பதக்கங்களைப் பெற்றனர். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே ஆகஸ்டு 7ஆம் நாள் சென்னையில் கூடிய பன்னாட்டுக் கூட்டமைப்பின் பேரவை, விசுவநாதன் ஆனந்தைத் தன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் நடந்த இணையவழிப் போட்டியில் கார்ல்சனை வென்ற குகேஷ், உலக வாகையராக இருந்த கார்ல்சனை வீழ்த்தியவர்களுள் மிக இளையவர் என்னும் பெருமையைப் பெற்றார்.

பிழையைப் படித்தல்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் உருவாகும் ஊர்தி, இறுதிச் சோதனையில் குறையுடையது என்று தெரியவந்தால், அதனை ஒதுக்கிவைப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. எந்த நிலையில், எந்தப் பொருத்துதலில் குறை நேர்ந்தது என்று பின்னோக்கிச் சென்று கண்டறிவர். அதன் காரணத்தை நீக்கினால்தான் அடுத்த ஊர்தி குறையின்றி வெளிவரும். சதுரங்க வீரரின் பயிற்சியும் இத்தகையதே. ஒவ்வொரு நகர்த்தலும் குறித்துவைக்கப்படுவதால், முடிந்துபோன ஆட்டத்தை மீண்டும் முதலிலிருந்து ஆடிப்பார்க்கலாம். எங்கே கவனம் சிதறியது, எங்கே நேரம் வீணாயிற்று, எந்த நகர்த்தலில் எண்ணம் தவறியது என்று ஆராயலாம். வென்ற ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டமே மிகுதியாகக் கற்பிக்கிறது என்று சதுரங்க ஆசிரியர்கள் கூறுவது இதனால்தான். பிழையை மறைக்க இடமில்லாத விளையாட்டு இது. ஆட்டத்தில் மழையையோ நடுவரையோ காரணம் காட்ட இயலாது; நகர்த்தியது தன் கையே.

இதற்குச் சான்று அடுத்த இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேரியின் புதாபெசுட்டு நகரில் நடைபெற்ற 45ஆவது ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றது. பொதுப்பிரிவில் பெறக்கூடிய 22 அணிப்புள்ளிகளில் 21ஐப் பெற்றது. குகேஷ் மீண்டும் முதல் பலகையின் தனிநபர் தங்கத்தை வென்றார். பூஞ்சேரியின் இறுதிச் சுற்றில் தங்கத்தைத் தவறவிட்ட ஹரிகா, வைஷாலி, தானியா ஆகிய மூவரும் புதாபெசுட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியில் இடம்பெற்றிருந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையர் பட்டத்திற்கான போட்டி தொடங்கியது. கார்ல்சன் இறக்கிவைத்த மணிமுடியை 2023ஆம் ஆண்டு சூடிய சீன வீரர் திங் லிரெனை குகேஷ் எதிர்கொண்டார். முதல் ஆட்டத்தில் குகேஷ் தோற்றார், ஆயினும் தளரவில்லை. இரு தரப்பும் 6½–6½ எனச் சமநிலையில் இருக்க, டிசம்பர் 12ஆம் நாள் 14ஆவது ஆட்டம் நடந்தது. சமனை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அவ்வாட்டத்தில் 55ஆவது நகர்த்தலில் திங் லிரென் தம் யானையைத் தவறான கட்டத்திற்கு நகர்த்தினார். மணிக்கணக்கில் பொறுமையோடு அழுத்தம் தந்துகொண்டிருந்த குகேஷ் அப்பிழையைக் கண்டுகொண்டார். 18 வயதில் அவர் உலக வாகையரானார். அவ்வளவு இளம் வயதில் மறுப்பிற்கிடமின்றி அப்பட்டத்தை அதற்குமுன் ஒருவரும் வென்றதில்லை.

நெடிய ஆட்டத்தின் முடிவில் களைப்பால் நேர்ந்த ஒரு பிழை, 2022இல் குகேஷிடமிருந்து வெற்றியைப் பறித்தது. நெடிய ஆட்டத்தின் முடிவில் எதிராளிக்கு நேர்ந்த ஒரு பிழை, 2024இல் அவருக்கு மணிமுடியைத் தந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்பியது பயிற்சியே.

நிறைவாக

2013ஆம் ஆண்டு சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அதனைக் கண்ட 7 வயதுச் சிறுவர்களுள் குகேஷும் ஒருவர். அன்று சென்னையிலிருந்து சென்ற மணிமுடி, பதினொரு ஆண்டுகள் கழித்துச் சென்னையின் பிள்ளை ஒருவரிடமே திரும்பி வந்தது. அவ்விரு நிகழ்வுகளுக்கும் நடுவே பாலமாக நிற்பது 2022.

அறுபத்து நான்கு கட்டங்களும் முப்பத்திரண்டு காய்களும் கொண்ட பலகைக்குப் பெரிய திடல் தேவையில்லை. விலைமிக்க கருவிகளும் தேவையில்லை. பள்ளித் தாழ்வாரத்திலும் ஆடலாம்; பணி முடிந்து திரும்பும் தொழிலாளர் தம் பிள்ளைகளோடு திண்ணையில் அமர்ந்தும் ஆடலாம். காலாள் ஒன்று பின்வாங்காமல் ஒவ்வொரு கட்டமாக முன்னேறி எட்டாம் வரிசையை எட்டினால் அரசியாகும் என்பது இவ்வாட்டத்தின் விதி. கற்கும் பருவத்தினர் மனத்தில் கொள்ளத்தக்க விதியும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. சதுரங்க ஒலிம்பியாடில் வெற்றி தோல்வி கணக்கிடப்படும் முறையை, 2022ஆம் ஆண்டின் பத்தாம் சுற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

2. 'தோல்வியும் ஓர் ஆசிரியரே' – இக்கருத்தைப் பாடப்பகுதியின் துணையோடு நிறுவுக.

3. நண்பர் ஒருவரோடு சதுரங்கம் ஆடி, நகர்த்தல்களைக் குறித்துவைத்து, ஆட்டத்தின் போக்கு மாறிய இடத்தைக் கண்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.